நாற்பதைப் பிடித்து இழு

பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்துச் செங்கோண முக்கோணத்தைப் போல யோக்கியமான ஆசாமியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மூலையில் ஒரு சின்னச் சதுரம் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்ததும் அது தொண்ணூறு பாகை என்று நம்பிவிட வேண்டும். இரண்டு பக்கத்துக்கு அளவு எழுதியிருக்கும், மூன்றாவதில் கேள்விக்குறி. கர்ணம் கேட்டால் இரண்டு வர்க்கத்தையும் கூட்டி மூலம் எடு. மற்றப் பக்கம் கேட்டால் கர்ணத்தின் வர்க்கத்திலிருந்து தெரிந்த பக்கத்தின் வர்க்கத்தைக் கழித்து மூலம் எடு. கூட்ட வேண்டிய இடத்தில் கழிப்பவனும் கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டுபவனும் தவிர வகுப்பில் எல்லாரும் முழு மதிப்பெண் வாங்கிவிடுவார்கள்.

நில அளவைத் துறையில் சேர்ந்து வயலில் கால் வைத்த பிறகுதான் தெரிந்தது, அந்தச் சின்னச் சதுரத்தை எந்த வரப்பிலும் யாரும் வரைந்து வைக்கவில்லை என்பது. கேள்விக்குறிக்கு விடை காண ஒரு நிமிடம் போதும். அந்த மூலை செங்கோணம்தானா, அளவு தெரியும் என்று சொல்லப்பட்ட இரண்டு பக்கமும் நிஜமாகவே அளக்கப்பட்டவையா என்று உறுதி செய்யத்தான் காலை வெயில் உச்சிக்கு வந்துவிடும். சர்வேயர் வேலையில் பாதி இந்தச் சந்தேகம்தான். மீதிப் பாதி, சுற்றி நிற்பவர்களின் சத்தத்தில் எண்ணைத் தவறவிடாமல் இருப்பது.

எண்பதுகளின் தொடக்கம் அது. சேலம் மாவட்டம். 1979-ல் தொடங்கிய நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம், ஜனங்கள் வாயில் யு.டி.ஆர்., ஊர் ஊராக நடந்துகொண்டிருந்தது. பட்டாவில் ஹெக்டேரும் ஏரும் வந்துவிட்டன. ஆனால் கட்டுக்கட்டாக இருந்த பழைய புலப்படங்கள் லிங்க்ஸ் கணக்கில்தான் இருந்தன. அதனால் மீட்டர் சங்கிலியோடு பழைய கண்டர் சங்கிலியையும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். எட்மண்ட் கண்டர் என்ற ஆங்கிலேயர் 1620-ல் வகுத்த சங்கிலி அது. நூறு கண்ணி, அதாவது நூறு லிங்க்ஸ், 66 அடி. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். ஆயிரம் சதுர லிங்க்ஸ் ஒரு சென்ட். அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை அறுந்துபோக இன்றும் நம் ஊரில் போதுமானதாக இருக்கும் அந்தச் சென்ட், இந்தச் சங்கிலியிலிருந்து வந்ததுதான்.

அதைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் இன்று குறைந்துவிட்டார்கள். ஒவ்வொரு கண்ணியும் 7.92 அங்குல இரும்புக் கம்பி, இரு முனையிலும் பித்தளைக் கைப்பிடி. பத்துக் கண்ணிக்கு ஒரு பித்தளை வில்லை தொங்கும். பத்தில் ஒரு பல், இருபதில் இரண்டு, முப்பதில் மூன்று, நாற்பதில் நான்கு, ஐம்பதில் வட்ட வில்லை. ஐம்பதைத் தாண்டினால் மறுபடி நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று இறங்கும். எந்த முனையைப் பிடித்து அளந்தாலும் சரியாக வர வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. ஆகவே நான்கு பல் வில்லை கையில் அகப்பட்டால் அது நாற்பதாகவும் இருக்கலாம், அறுபதாகவும் இருக்கலாம். புதிதாக வந்தவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

என்னோடு வந்த செயின்மேன் எனக்கு அப்பா வயது. ஆபீசில் எல்லார் முன்னிலையிலும் என்னை 'சார்' என்பார், வயலில் ஆள் இல்லாத நேரத்தில் 'தம்பி'. நான் எப்போதும் 'அண்ணே'தான். செங்குத்துக்கோடு போட எங்களுக்குக் கொடுக்கப்பட்ட கருவி கிராஸ் ஸ்டாஃப். இரும்புப் பூண் போட்ட கம்பின் தலையில் பித்தளையில் இரண்டு பிளவு, ஒன்றுக்கொன்று குறுக்காக. ஒரு பிளவு வழியே கோட்டின் கடைசியில் நட்ட சிவப்பு வெள்ளைக் கம்பைப் பார்க்க வேண்டும், மற்றப் பிளவு வழியே பக்கவாட்டில் நிற்கும் கல்லைப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் தெரிந்தால் நாம் நிற்கும் இடம்தான் செங்கோணம். அண்ணன் அதை அவ்வளவாக மதிக்க மாட்டார்.

“இதுல பாத்தா கோணம் தெரியும், சரி. இதுவே கோணலா இருந்தா?”

கேள்வி நியாயமானது. ஜீப்பில் ஏற்றி இறக்கியும், மரத்தில் சாத்தி வைத்து ஆடு முட்டியும் அந்தப் பித்தளைத் தலைக்குப் படாத அடி கிடையாது. சந்தேகம் வந்தால் தலையைக் கால் சுற்றுத் திருப்பி, முதல் பிளவு பார்த்ததை இரண்டாவது பிளவும் இரண்டாவது பார்த்ததை முதலாவதும் பார்க்கிறதா என்று சோதிப்போம். இரண்டு முறையும் ஒத்துப்போனால் கருவி நல்லது. ஒத்துப்போகாத நாளில் அண்ணன் சங்கிலியை உதறுவார்.

கோட்டில் ஓர் அம்பு குத்துவார், அடையாளக் கம்பிதான் அது. அங்கிருந்து கோட்டோடு முப்பது லிங்க்ஸ் அளந்து இன்னோர் அம்பு. முதல் அம்பில் சங்கிலியின் கைப்பிடியை மாட்டுவார். இரண்டாவது அம்பில் தொண்ணூறாவது வில்லையை என்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார். பிறகு நாற்பதாவது வில்லையை எடுத்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்து, இரண்டு புறமும் விறைப்பாகும்வரை இழுத்து அந்த இடத்தில் குத்துவார். ஒரு புறம் நாற்பது, மறு புறம் ஐம்பது, கோட்டின் மேல் முப்பது. பித்தளை வில்லைகளைத் தவிர வேறெதையும் எண்ணத் தேவையில்லை. முதல் அம்பு இருந்த இடத்தில் செங்கோணம் நின்றுவிடும்.

“நாற்பதப் புடிச்சு இழு தம்பி” என்று ஒருநாள் வேலையை என்னிடம் விட்டார். இழுத்தேன். முக்கோணத்தையே காணோம், சங்கிலி கோட்டோடு கோடாகப் படுத்துவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே நின்றார். எதிர்முனையிலிருந்து வந்து நான் எடுத்திருந்தது அறுபதாவது வில்லை. அறுபது ஒரு பக்கம், மீதி முப்பது, கோட்டில் முப்பது. முப்பதும் முப்பதும் அறுபது. முக்கோணம் எங்கிருந்து வரும்? வில்லை மாறினால் கோணம் கொஞ்சம் பிசகாகி நம்மை ஏமாற்றுவதில்லை, ஒரேயடியாகக் காலைவாரிக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. எந்தப் புண்ணியவான் யோசித்து வைத்த முறையோ, முப்பது, நாற்பது, தொண்ணூறு என்று பொறுக்கி எடுத்ததில் இந்தப் பாதுகாப்பும் சேர்ந்தே வந்திருக்கிறது. அண்ணனுக்குப் பிதாகரஸ் பெயர் தெரியாது. அவருக்கு முந்தைய செயின்மேன் கற்றுக்கொடுத்தது, அவ்வளவுதான்.

சென்னை மாகாணத்தில் நிலத்தை அளந்த முறையே இந்த முக்கோணத்தின் மேல்தான் நிற்கிறது. ஒரு சர்வே எண்ணை எடுத்துக்கொண்டால் அதன் மூலைக்கு மூலை நீளக்கோடுகள் போட்டு முக்கோணங்களாகப் பிரிப்பார்கள். ஜி லைன் என்பது அந்தக் கோடு. வரப்பு எங்கெல்லாம் வளைகிறதோ அங்கெல்லாம் கல். ஜி லைனில் எத்தனையாவது லிங்க்ஸில் நின்று செங்குத்தாக எவ்வளவு தூரம் போனால் அந்தக் கல் வரும் என்று குறித்திருப்பார்கள். செங்குத்தாகப் போகும் அந்தத் தூரம் ஆப்செட். புலப்படத்தை விரித்தால் ஒரு கோடும் அதன் இருபுறமும் கிளைகளும், கிளை நுனிகளைச் சேர்த்த வரப்பும் தெரியும். நூறு ஆண்டுக்கு முன் யாரோ ஒரு சர்வேயர் பென்சிலால் எழுதிய எண்ணை நம்பித்தான் இன்று பல லட்ச ரூபாய்ப் பத்திரம் பதிவாகிறது.

கல் காணாமல் போனால், அது போய்க்கொண்டேதான் இருக்கும், அங்கேதான் எங்களுக்கு வேலை. ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஜி லைனில் 200-ல் ஒரு கல், ஆப்செட் 60. அதே பக்கம் 480-ல் அடுத்த கல், ஆப்செட் 270. கோட்டு வழியே வித்தியாசம் 280, ஆப்செட் வித்தியாசம் 210. அப்படியானால் இரண்டு கல்லுக்கும் நடுவே வரப்பு 350 இருந்தாக வேண்டும். படத்தில் வரப்பின் மேலும் 350 என்று எழுதியிருந்தால் முன்னவர் ஒழுங்காக அளந்திருக்கிறார் என்று அர்த்தம். தரையில் இழுத்துப் பார்க்கையில் 338 வந்தால், கல் நடந்திருக்கிறது. கல்லுக்குக் கால் முளைக்கும் மாதங்கள் உண்டு. உழவு ஓட்டும் மாதங்கள்.

மூலம் எடுக்க அப்போது கிளார்க்ஸ் டேபிள் இருந்தது. புளியமரத்தடியில் அதைப் புரட்டுவோம். காற்று இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டிவிடும். முப்பது நாற்பது ஐம்பதின் மடங்காக வந்தால் டேபிள் தேவையில்லை என்பதால், கோடு போடும்போதே அப்படி வருகிற இடமாகப் பார்த்து நிற்பதில் எங்களுக்குள் ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்தது.

இந்தச் சோம்பேறித்தனமான கெட்டிக்காரத்தனத்துக்கு மூவாயிரத்து எழுநூறு வயது என்பதை ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன். இராக்கில், பழைய சிப்பார் நகரத்தில் 1894-ல் கிடைத்த ஒரு களிமண் வில்லை இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எஸ்.ஐ. 427 என்பது அதன் எண். ஒரு நிலத்தில் ஒரு பகுதியை விற்றதற்கான அளவைப் படம் அது. சதுப்பு நிலம், களம், ஒரு கோபுரம் எல்லாம் குறித்திருக்கிறார்கள். 2021-ல் டேனியல் மான்ஸ்ஃபீல்ட் என்ற ஆஸ்திரேலியக் கணித அறிஞர் அதைப் படித்துச் சொன்னது: அளந்தவர் செங்கோணம் வரவழைக்க 3-4-5, 8-15-17, 5-12-13 என்ற முழு எண் கூட்டங்களைப் பயன்படுத்தியிருக்கிறார். பிதாகரஸ் பிறப்பதற்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் முன்பு! எனக்கு அந்தப் படத்தைப் பார்த்ததும் வியப்பைவிட முதலில் வந்தது ஒரு சகோதர பாசம். அந்த மனிதரும் வெயிலில் நின்றிருப்பார். வாங்கியவனும் விற்றவனும் இரண்டு பக்கமும் நின்று கத்தியிருப்பார்கள்.

சமவெளியில் இவ்வளவுதான் பாடு. மலையில் முக்கோணம் எழுந்து நின்றுகொள்கிறது.

கொல்லிமலைக்கு வேலையாகப் போனபோது ஒரு பெரியவர் நிலம். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி, அதற்கு மேல் நடந்து போனால் பலாமரமும் சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக் கொடியுமாக ஒரு சரிவு. அவர் தன் பங்குக்குக் கயிறு பிடித்து அளந்து வைத்திருந்தார். சரிவில் மேலிருந்து கீழே நான்கு சங்கிலி, குறுக்கே இரண்டரைச் சங்கிலி. 400-ஐ 250-ஆல் பெருக்கினால் ஒரு லட்சம் சதுர லிங்க்ஸ், ஓர் ஏக்கர். நாங்கள் அளந்தபோது 95 சென்ட் சொச்சம்தான் வந்தது.

சரிவின் மேல் கிடக்கும் கயிறு கர்ணம். படத்துக்கு வேண்டியது அடிப்பக்கம். எவ்வளவு உயரம் இறங்குகிறது என்று தெரிந்தால் அடிப்பக்கத்தைக் கழித்துக் கண்டுபிடிக்கலாம்; ஆனால் வயலில் அதைவிட நம்பகமான வழி படிக்கட்டாக அளப்பது. மேலே நிற்பவர் சங்கிலியைத் தரையில் வைப்பார், கீழே நிற்பவர் தன் நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி மட்டமாகப் பிடித்து, முனையிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, குண்டு தொட்ட இடத்தில் அம்பு குத்துவார். இருபது முப்பது லிங்க்ஸுக்கு மேல் போனால் சங்கிலி தன் கனத்திலேயே தொய்யும். ஆகவே சின்னச் சின்னப் படியாக இறங்க வேண்டும். அந்தச் சரிவு நூறு லிங்க்ஸுக்கு முப்பது இறங்கியது. நூறு கர்ணத்துக்கு அடிப்பக்கம் 95.4. பெரியவருடைய நான்கு சங்கிலி, படத்தில் 381 லிங்க்ஸ் சொச்சமாகச் சுருங்கியது. கிட்டத்தட்ட நாலரை சென்ட் காற்றில் போய்விட்டது.

பெரியவர் சத்தம் போடவில்லை. பக்கத்துப் பலாமரத்தைக் கையால் தட்டிக்கொண்டே கேட்டார். “ஏஞ்சாமி, நா ஏறி எறங்கிக் கொத்துற மண்ணு எல்லாம் மண்ணு இல்லியா?”

அண்ணன்தான் பதில் சொன்னார். “மழ நேராத்தானே பெய்யுது. சாச்ச மொறத்துல விழுற நெல்லு நெரந்தாப் பிடிச்ச மொறத்துல விழுறதவிடக் கம்மிதானுங்களே. அதுமாதிரிதான்.” ஆண்டாண்டாக மலையில் சங்கிலி பிடித்ததில் அவர் தயார் செய்து வைத்திருந்த பதில் அது. துறையின் எந்தக் கையேட்டிலும் இதைவிடத் தெளிவாக எழுதியதில்லை. பெரியவர் ஒப்புக்கொண்டாரா என்பது வேறு விஷயம். கொத்துகிற கூலி சரிவுக்குத்தானே கொடுக்க வேண்டியிருக்கிறது, அந்த வகையில் அவர் கேட்டதும் சரி.

பத்துக்கு ஒன்று என்ற சாதாரணச் சரிவில் நூறு லிங்க்ஸுக்கு அரை லிங்க்ஸ்தான் குறையும். பலர் இதை நம்ப மாட்டார்கள், பத்தில் ஒரு பங்கு போய்விடும் என்று நினைப்பார்கள். வர்க்கமூலம் சின்னச் சரிவுகளை மன்னித்துவிடும். 1802-ல் பரங்கிமலை அடிவாரத்தில், இந்தியாவை முக்கோணங்களால் அளக்கப் புறப்பட்ட வில்லியம் லாம்டன் தன் அடித்தளக் கோட்டை, ஏழரை மைல், அளந்தபோது அந்த அரைக் கண்ணியைக்கூட மன்னிக்க முடியாத நிலையில் இருந்தார். முக்காலிகளின் மேல் மரத்தொட்டிகளை மட்டமாக வைத்து, அதற்குள் எஃகுச் சங்கிலியைக் கிடத்தி, வெப்பத்துக்கு எவ்வளவு நீள்கிறது என்று வெப்பமானி பார்த்து அளந்தார். அப்படித் தரையில் அளந்தது ஒரு சில பக்கங்களைத்தான். மற்றபடி கோணங்களை எடுத்தே முக்கோணத்தின் மேல் முக்கோணமாக இமயம்வரை போனார்கள். அளந்த பக்கத்தில் பிசகினால் அதன் மேல் எழும் முக்கோணமெல்லாம் பிசகு. எங்கள் சங்கிலிக்கு அந்த மரியாதை கிடையாது. தேய்ந்த வளையங்களால் வருடத்துக்கு வருடம் அது நீண்டுகொண்டே போகும். ஆபீஸ் வளாகத்தில் இரண்டு கல்லுக்கு நடுவே போட்டுப் பார்த்து, மிஞ்சினால் ஒரு வளையத்தைச் சுத்தியலால் தட்டிச் சரிசெய்வார் அண்ணன்.

கர்ணம் கண்டுபிடிக்க, போதையனார் பெயரில் ஒரு நாலடிச் செய்யுள் இப்போது வாட்ஸப்பில் சுற்றுகிறது. தமிழன் பிதாகரஸை முந்திவிட்டான் என்று தலைப்புப் போட்டு வரும். எனக்கு அது வாட்ஸப்புக்கு முன்பே, ஊரில் எங்கள் ஓட்டு வீட்டைப் பிரித்துக் கட்டியபோது ஓர் ஆசாரி வாயால் அறிமுகமானது. செய்யுளாக அல்ல, வெறும் கணக்காக. நீளமான பக்கத்தை எட்டாகப் பிரித்து ஒரு பங்கைத் தள்ளு, மீதியோடு குட்டைப் பக்கத்தில் பாதியைச் சேர், கர்ணம் வந்துவிடும். வர்க்கமும் கிடையாது, மூலமும் கிடையாது.

3-4-5-க்குப் போட்டுப் பார்த்தேன். நாலில் எட்டில் ஒன்று போக மூன்றரை, மூன்றில் பாதி ஒன்றரை, மொத்தம் ஐந்து. 5-12-13-க்கு பத்தரையும் இரண்டரையும் பதின்மூன்று. துல்லியம். 8-15-17-ல் எட்டில் ஒரு பங்கு மிஞ்சுகிறது. இரண்டு பக்கமும் சமமாக இருக்கும் சதுரத்துக்குப் போட்டால்தான் சாயம் வெளுக்கிறது. 200-க்கு 200 லிங்க்ஸ் வயலின் மூலைவிட்டம் கிட்டத்தட்ட 283. இந்த வழியில் 275. எட்டு லிங்க்ஸ் என்றால் ஐந்தடிக்கு மேல். எங்கள் ஊர்ப்பக்கம் ஐந்தடிக்கு அரிவாள் எடுப்பார்கள். ஒரு பக்கம் மிகவும் சிறுத்துப்போனாலும் கணக்கு கவிழும். குட்டைப் பக்கத்தைப் பூஜ்யம் ஆக்கினால் நீளப் பக்கம் தன்னைவிட எட்டில் ஒரு பங்கு குறைந்து நிற்கும். ஆகவே இது தேற்றம் இல்லை. பிதாகரஸை முந்தியதாகச் சொல்பவர்கள் ஒரு சதுரத்துக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கலாம்.

ஆனால் அன்று ஆசாரி செய்ததை அருகிலிருந்து பார்த்தவன் இதை வெறும் தப்புக்கணக்கு என்றும் தள்ளமாட்டான். சுவரிலிருந்து நடு உத்திரம்வரை எட்டடி, உத்திரத்தின் உயரம் நாலடி, கைமரம் எவ்வளவு? எட்டில் ஒன்று போக ஏழு, நாலில் பாதி இரண்டு, ஒன்பதடி. தரையில் கிடந்த மரத்தில் கரிநூலைத் தட்டினார். நான் மனசுக்குள் எண்பதுக்கு மூலம் எடுத்தேன்: 8.94. ஆசாரி கணக்கில் முக்கால் அங்குலத்துக்கும் குறைவாக மிச்சம் இருந்தது. அந்த மிச்சத்தை மேலே ஏற்றிப் பொருத்தும்போது இழைத்துவிட்டார்.

பிற்பாடு உட்கார்ந்து போட்டுப் பார்த்ததில் சுவாரசியம் இதுதான். குட்டைப் பக்கம் நீளப் பக்கத்தில் பன்னிரண்டில் ஐந்துக்கும் நான்கில் மூன்றுக்கும் இடையே இருக்கும்வரை, இந்தக் கணக்கு எப்போதும் கொஞ்சம் கூடுதலாகத்தான் சொல்லும், குறைத்துச் சொல்லாது. கூடுவதும் நீளப் பக்கத்தில் நூற்றில் ஒரு பங்குக்குள்தான். சாய்வாகச் சொன்னால் இருபத்துமூன்று பாகையிலிருந்து முப்பத்தேழு பாகைவரை. மங்களூர் ஓடு போட்ட கூரையின் சாய்வு அதற்குள் அடங்கிவிடும். மரம் அறுப்பவனுக்கு அங்குலம் மிஞ்சலாம், ஒருபோதும் குறையக்கூடாது. யார் செய்த கணக்கோ, செய்தவர் கூரைக்கு அடியில் நின்று செய்திருக்கிறார் என்பது என் எண்ணம். கூரையில் வைத்தால் அது அருமையான கணக்கு. வயலுக்குக் கொண்டுவந்தால் வம்பு.

வம்பு என்றதும் சேலத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் மாமனும் மருமகனும் இழுத்துக்கொண்ட வண்டிப்பாதை ஞாபகத்துக்கு வருகிறது. இருவர் நிலத்துக்கும் நடுவே புறம்போக்குப் பாதை. புலப்படத்தில் அகலம் 25 லிங்க்ஸ், அதாவது பதினாறரை அடி. மாமன் கல்லைப் பாதைக்குள் நகர்த்திவிட்டார் என்று மருமகன் புகார் மனு. மருமகன் பொறியியல் படிக்கிற பையன். குறுக்கே நேராக அளக்க முடியாது, பாதை முழுக்கச் சீமைக்கருவேலம். அதனால் அவன் கணக்கில் இறங்கியிருக்கிறான். தன் பக்கக் கல்லிலிருந்து மாமன் கல்லுக்கு எதிரே உள்ள இடம்வரை பாதையோரமாக 120 அடி. இது இரு தரப்பும் ஒப்புக்கொண்ட அளவு. தன் கல்லிலிருந்தே மூலைவாக்கில் மாமன் கல்வரை முள்ளுக்கு மேலே டேப் பிடித்தால் 120 அடி 9 அங்குலம். கர்ணமும் ஒரு பக்கமும் தெரியும், இன்னொரு பக்கம் என்ன? பதின்மூன்றரை அடி. மூன்றடி போச்சு. மாமன் தரப்பும் சும்மா இல்லை. அவர்களும் ஒரு கணக்கு வாத்தியாரை வைத்து அளந்தார்கள். 121 அடி 3 அங்குலம். அப்படியானால் அகலம் பதினேழடி நாலங்குலம். “நாந்தாங்க விட்டுக் குடுத்து உக்காந்திருக்கேன்” என்றார் மாமன்.

இரண்டு பேருடைய தாளையும் வாங்கிப் பார்த்தேன். இரண்டிலும் கழித்தலும் சரி, மூலமும் சரி. மூலைவாக்கு அளவில் வித்தியாசம் ஆறே அங்குலம். அது அகலத்தில் நான்கடியாக விரிந்திருக்கிறது.

மெலிந்த முக்கோணத்தின் குணம் இது. நீளமான பக்கமும் கர்ணமும் ஏறக்குறைய ஒரே நீளம் இருக்கும்போது, மூன்றாவது பக்கத்தை அவற்றிலிருந்து கண்டுபிடிக்கப் போகக்கூடாது. இரண்டு பெரிய எண்ணைக் கழித்துச் சின்ன எண்ணை எடுக்கிறோம். பெரியதில் ஒட்டியிருந்த தூசி எல்லாம் சின்னதில் வந்து குவியும். அதையே திருப்பிப் போட்டால், அகலத்தையும் நீளத்தையும் அளந்து கர்ணத்தைக் கண்டுபிடித்தால், அகலத்தில் ஓரடி தவறினாலும் கர்ணம் பெரிதாக அசையாது. ஒரே தேற்றம், ஒரு திசையில் பசு, மறு திசையில் புலி. எந்தப் பள்ளிப் புத்தகத்திலும் இதைச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. அங்கே கொடுத்த எண்ணில் தூசி இருக்காது.

பையன் பிடித்தது கொத்தனாரிடம் வாங்கிய பழைய துணி டேப். நைந்து நீண்டிருந்தது, அதனால் அளவு குறைவாகக் காட்டியது. மாமன் ஆட்கள் டேப்பை முள்ளின் மேலேயே படுக்கப் போட்டிருந்தார்கள். செடிக்குச் செடி ஏறி இறங்கியதில் அளவு கூடிப்போனது. இதைச் சொன்னபோது பையனுக்கு உடனே புரிந்தது, கால்குலேட்டரை எடுத்து மூன்று அங்குலம் மூன்று அங்குலமாக மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டான். மாமனுக்குப் புரியவில்லை. ஆனால் மருமகன் முகம் வாடியதைப் பார்த்ததால் புரிந்ததாகத் தலையாட்டினார்.

“அப்ப எப்படித்தாங்க சார் அகலம் தெரிஞ்சுக்கிறது?” என்றான் பையன்.

“முள்ளை வெட்டுங்க தம்பி.”

மறுநாள் நான்கு ஆள் வைத்துக் குறுக்கே ஒரு சந்து வெட்டினார்கள். சங்கிலியில் முப்பது நாற்பது ஐம்பது போட்டுச் செங்குத்து எடுத்து, இரும்பு டேப்பை மட்டமாகப் பிடித்தோம். பதினாறடி மூன்று அங்குலம். படத்து அளவுக்கு மூன்று அங்குலம்தான் குறைவு. கல் இருந்த இடத்தில்தான் இருந்தது. இருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு சங்கிலியைச் சுருட்டும்போது பின்னால் மறுபடி சத்தம் கிளம்பியது. வெட்டின கருவேலங்கட்டை யாருக்கு என்று. கரிமூட்டம் போடுபவர்கள் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வார்கள். ஆள்கூலி கொடுத்தது நான் என்றார் மாமன். மனு கொடுத்தது நான் என்றான் மருமகன். புறம்போக்கில் முளைத்தது சர்க்காருக்குச் சொந்தம் என்று வி.ஏ.ஓ. நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தார்.